பின்பக்கத்து மஞ்சள் அட்டை

அந்தப் பொய்யைச் சொல்ல டைரிக்கு நாலே நொடிதான் ஆனது.

டைரி என்பது அவருடைய பெயர் இல்லை. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்து அணியின் மேலாளர் அவர். எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு தடித்த டைரி இருக்கும். எந்தப் பெண்ணுக்கு எந்த சைஸ் பூட்ஸ், யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, பஸ்ஸில் யாரை ஜன்னலோரம் உட்கார வைக்காவிட்டால் பக்கத்துச் சீட்டுக்கு ஆபத்து என்று சகலமும் அதில் இருக்கும். பிள்ளைகள் வைத்த பட்டம். போகப் போக வீட்டுக்காரியே போனில், "என்ன டைரி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எட்டு நாட்டுத் தமிழ்ச் சங்க அணிகள் மோதும் போட்டி. எட்டு அணிகளுக்கும் ஒரே ஹோட்டல், ஒரே சாப்பாட்டுக் கூடம். லிஃப்ட் நாலு, அதில் இரண்டு லிஃப்ட் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு சும்மா நின்றன.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இரண்டாவது மாடிக் கூட்ட அறை. அன்று மதியம் மோதவிருந்த இரண்டு அணிகளின் மேலாளர்களும் உட்கார்ந்து, யாருக்கு வெள்ளைச் சட்டை, யாருக்குச் சிவப்பு என்று பேசி முடித்திருந்தார்கள். அமைப்பாளர் தரப்பு ஆள் நகல் எடுக்க வெளியே போனார். அறையில் இரண்டே பேர். இவரும், எதிரணி மேலாளரான டீச்சரும்.

டீச்சர் ஊரில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் இவர்களுடைய பஸ் பாதி வழியில் படுத்துவிட, தன் பஸ்ஸை நிறுத்தி, "ஏறுங்கண்ணா, மடியில உக்காந்தாவது போயிடலாம்" என்று இருபத்துமூன்று பெண்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவள். அன்றிலிருந்து அண்ணாதான்.

"அண்ணா, ஒரு உதவி" என்றாள். "எல்லா டீமோட அட்டைக் கணக்கும் உங்க டைரில இருக்கும்ல? எங்க பிள்ளைங்க யாருக்காச்சும் ரெண்டு மஞ்சள் ஆயிருக்கா பாருங்களேன். எனக்கு ஒண்ணு ஒண்ணுதான் வருது. இருந்தாலும் பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வாள்? இரண்டு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியவள் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும். தெரியாமல் இறக்கிவிட்டு, எதிரணி புகார் கொடுத்தால் தீர்ந்தது கதை. களத்தில் ஜெயித்திருந்தாலும் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோல்வி எழுதிவிடுவார்கள். புகார் வராவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கணக்கு வைப்பது அந்தந்த மேலாளரின் பொறுப்பு என்று சுற்றறிக்கையில் தெளிவாகப் போட்டுக் கைகழுவியிருந்தார்கள்.

டைரி டைரியைத் திறந்தார்.

பத்தாம் நம்பர். முதல் ஆட்டம், சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு ஒரு மஞ்சள். இரண்டாவது ஆட்டம், சனிக்கிழமை, இன்னொரு மஞ்சள். பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி, மூன்று கோடு போட்டிருந்தார்: 'அடுத்த ஆட்டம் ஆட முடியாது.'

அந்த இரண்டாவது மஞ்சளை அவர் கேலரியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்திருந்தார். டீச்சர் பார்க்கவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய கோல்கீப்பருக்குத் தோள் எலும்பு முறிந்து, டீச்சர் ஆம்புலன்ஸில் கூடவே போய்விட்டாள். கடைசி விசில் அடித்த பிறகு, ஜெயிக்க முடியாத ஆத்திரத்தில் பத்தாம் நம்பர் ஒரு தண்ணீர் பாட்டிலை உதைத்தாள். அது கொடி பிடிக்கும் நடுவரின் காதோரம் விர்ரென்று பறந்தது. தலைமை நடுவர் மஞ்சளை நீட்டினார். ஆட்டம் முடிந்த பிறகு கொடுத்த அட்டை கணக்கில் வராது என்று அந்தப் பெண் தானாகவே ஒரு சட்டம் எழுதிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். கோச்சுகள் அட்டைக் கணக்கில் தலையிடுவதில்லை. அது மேலாளர் வேலை. நடுவர் அறிக்கையின் நகல் டீச்சரின் அறைக்கு வரத்தான் செய்தது. ஆட்ட நேரத்து அட்டைகள் முன்பக்கம். விசிலுக்குப் பிந்தியவை பின்பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து விடிந்து திரும்பியவள் தாளைத் திருப்பவில்லை.

ஒரு நொடி. முந்தின நாள் சங்கச் செயலாளர் போனில் சொன்னது காதில் ஓடியது. "செமி ஃபைனல் வந்தா டீம் இருக்கும். வரலைன்னா பொண்ணுங்க டீமை மூடிடுவோம்யா. பசங்களுக்கே கிரவுண்டு பத்தலை."

இரண்டாவது நொடி. இருபத்துமூன்று பெண்கள். அதில் கோல்கீப்பர், அவருடைய சொந்தத் தம்பி மகள். இன்று ஜெயித்தால் செமி. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டீச்சர் அணிக்கு டிரா போதும்.

மூன்றாவது நொடி. உண்டு இல்லை என்று சொல்லாமல், 'நீங்களே ஒரு தடவை அறிக்கையைப் பாருங்க டீச்சர்' என்று நழுவியிருக்கலாம்.

"இல்ல டீச்சர்" என்றார் நாலாவது நொடியில். "சுத்தமா இருக்கு."

"அப்பாடா!" என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "நீங்க சொன்னா அது கல்வெட்டுண்ணா."

* * *

மதியம் மூன்று மணிக்கு விசில் அடித்ததும் டைரிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நேர்மையாக ஜெயித்துவிட வேண்டும். ஜெயித்துவிட்டால் புகார் தேவையில்லை. புகார் தேவையில்லை என்றால் காலையில் சொன்ன பொய் யாருக்கும் தெரியாமல் செத்துப்போகும்.

பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இருபதாவது நிமிடத்தில் முதல் கோல். டைரி பெஞ்சிலிருந்து எழுந்து கை வலிக்க வலிக்கத் தட்டினார். "டைரி சார் டான்ஸ் ஆடுறார்டி!" என்று மாற்று ஆட்டக்காரிகள் சிரித்தார்கள். எழுபதாவது நிமிடம் வரை அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்தார்கள்.

பிறகு பத்தாம் நம்பர் வந்தாள். மூன்று பேரை ஏமாற்றி, இடது காலால் ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் தலையால் இன்னொன்று.

இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

தம்பி மகள் கோல் கம்பத்துக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். அவளைத் தூக்கிவிட்டது சொந்த அணிக்காரிகள் அல்ல. அதே பத்தாம் நம்பர்தான். "ஏய், எழுந்திரு. நீ புடிச்ச ரெண்டு பந்தை எங்க ஊர்ல ஆம்பள கீப்பரே புடிக்க மாட்டான்" என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு அணிப் பெண்களும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். டீச்சர் குறுக்கே ஓடி வந்தாள்.

"பிரமாதமா ஆடினாங்கண்ணா உங்க பிள்ளைங்க. மனசு கேக்கலை."

டைரி தலையை ஆட்டினார்.

புகார் கொடுக்கக் கெடு இரண்டு மணி நேரம். ஒன்றரை மணி நேரம் அறைக் கட்டிலில் உட்கார்ந்து டைரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோச்சின் கதவைத் தட்டினார். கோச் முன்னாள் ஆட்டக்காரி, சின்ன வயது. முழங்காலில் ஐஸ் பையும் முகத்தில் அழுத தடமுமாகத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஐஸ் பை கீழே விழுந்தது.

"நிஜமாவா? எப்ப சார் பாத்தீங்க?"

"இப்பத்தான். சும்மா புரட்டிட்டு இருந்தேன், கண்ணுல பட்டுது."

இரண்டாவது பொய்க்கு நாலு நொடிகூடத் தேவைப்படவில்லை.

ஆறு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டார். ஏழரைக்கு, எல்லா அணிகளும் சூப்பும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. மூன்றுக்குப் பூஜ்யம். இவருடைய பெண்கள் கத்திய கத்தலில் சமையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தட்டைத் தட்டினார்கள், நாற்காலி மேல் ஏறினார்கள்.

முதலில் நிறுத்தியது தம்பி மகள்தான். அவள் பார்த்த பக்கம் மற்றவர்களும் பார்த்தார்கள். அடுத்த மேஜையில் டீச்சரின் பிள்ளைகள். பத்தாம் நம்பர் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள். அவளுடைய முதுகை ஒருத்தியும் தடவிக்கொடுக்கவில்லை. ஆத்திரப்பட்ட ஒரு சக ஆட்டக்காரி மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு பாட்டிலை உதைக்காம இருந்திருந்தா என்னடி கொறஞ்சிருப்பே?" என்றாள்.

டைரியின் சூப் ஆறிப்போனது.

* * *

மறுநாள் காலை லிஃப்ட் கதவு மூடப் போகும் நேரத்தில் ஒரு கை குறுக்கே நீண்டது. டீச்சர். கண்ணைச் சுற்றிக் கருவளையம். கழுத்தில் விசில் இல்லை. ஏழு மாடி இறங்க வேண்டும். ஓடி ஒளிய இடமில்லை.

"அண்ணா, நீங்க சங்கடப்படாதீங்க" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "உங்க மேல எனக்கு ஒரு துளி வருத்தமில்ல. நீங்க பாத்தே உங்க கண்ணுக்கு அகப்படலை. அப்புறம் உங்க கோச் கண்டுபிடிச்சிருப்பாங்க. அவங்க வேலையை அவங்க செஞ்சாங்க. எங்க பிள்ளைங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

டைரி மாடி எண்களைப் பார்த்தார். ஆறு. ஐந்து.

"பத்து மணிக்கு விசாரணைண்ணா. அட்டை இருக்கறது தெரிஞ்சே மறைச்சு இறக்கினேன்னு சந்தேகப்படறாங்க. அப்படி முடிவாச்சுன்னா ரெண்டு வருஷத் தடை. தடை விழுந்த ஆளை எங்க ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்க." குரல் லேசாக உடைந்தது, இருமி ஒட்ட வைத்தாள். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். நான் உங்ககிட்ட கேட்டேன், நீங்களும் பாத்தீங்க, உங்களுக்கும் தெரியலைன்னு. ஒளிக்கணும்னு நினைக்கறவ எதிர் டீம்கிட்டயே போய்க் கேப்பாளா?"

வேண்டிய பொய்யை அவளே தைத்து, மடித்து, கையில் கொடுத்துவிட்டாள். அவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"வர்றேன் டீச்சர்."

"எனக்குத் தெரியும்ணா" என்றாள். கதவு திறந்தது.

* * *

விசாரணை அறையும் அதே கூட்ட அறைதான். திங்கட்கிழமை உட்கார்ந்த அதே நாற்காலி. ஒழுங்குக் குழுத் தலைவர் ஓய்வு பெற்ற நடுவர். காது கொஞ்சம் மந்தம். "நாப்பது வருஷம் ரசிகர்கள் திட்டினதைக் கேட்டுக் கேட்டு அதுவா கெட்டுப்போச்சு. உரக்கப் பேசுங்க" என்றார். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு பெண்.

டைரி உரக்கவே சொன்னார். "ஆமாங்க. ஆட்டத்தன்னிக்குக் காலைல டீச்சர் என்கிட்ட கேட்டாங்க. நானும் பாத்தேன். கவனிக்கத் தவறிட்டேன். அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

தலைவர் பேனாவை மூடினார். "இதோ பாருங்கம்மா, இதை எழுதிக்குங்க. தன்னோட கவனக்குறைவை ஒத்துக்கிட்டு எதிரணிக்காகச் சாட்சி சொல்ல ஒருத்தர் வந்திருக்கார். என் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன்." டைரியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "உக்காருங்க சார். ஃபைல்ல சேர்க்க நீங்க பாத்த பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கறோம். வெறும் சம்பிரதாயம்."

டைரி மேஜை மேல், அவருடைய உள்ளங்கைக்கு அடியில் இருந்தது.

அதில் டீச்சர் அணியின் பெயர்ப் பட்டியல் இன்னொரு பக்கத்திலும் இருந்தது. முதல் நாள் எழுதியது. நம்பரும் உயரமும் மட்டும். அட்டை ஒன்றும் கிடையாது. அதைத் திறந்து நீட்டினால் முடிந்தது. அந்தப் பெண் படம் எடுப்பாள், தலைவர் கை குலுக்குவார், டீச்சரும் தப்பிப்பாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. விரல்கள் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே தேடிப் பிடித்திருந்தன.

அப்போது டீச்சர் முன்னால் சாய்ந்து, அவருக்குப் பரிந்துகொண்டு சொன்னாள். "இவர் டைரில தப்பே வராது சார். இந்த ஒரு தடவைதான். பாவம், அதை நினைச்சு நேத்து அவர் சாப்பிடவே இல்லை. நான் பாத்தேன்."

அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. தன் பெண்கள் இடிந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், இவருடைய தட்டையும் பார்த்திருக்கிறாள்.

விரல் அந்தப் பக்கத்தை விட்டது. தாள்களைப் புரட்டினார். மூன்று கோடு போட்ட பக்கத்தைத் திறந்து, தலைவரிடம் தராமல், டீச்சருக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

அவள் குனிந்து படித்தாள். ஒரு தடவை. மறுபடியும், விரல் வைத்து.

"இதுல சனிக்கிழமை தேதி இருக்கு" என்றாள்.

"ஆமா."

"நான் கேட்டது திங்கக்கிழமை."

"ஆமா டீச்சர்."

"அப்ப இதைப் பாத்துட்டுத்தான் சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களா, சார்?"

இத்தனை நாளில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துட்டுத்தான் சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தடித்த டைரியைத் தூக்கி முகத்தில் எறிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் டைரியை மூடி, சத்தம் வராமல் அவர் பக்கம் தள்ளிவிட்டு, தலைவரிடம், "எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லைங்க" என்றாள்.

தலைவர் இவரைப் பார்க்காமலே தீர்ப்பை எழுதச் சொன்னார். டீச்சர் மீது குற்றமில்லை. கவனக்குறைவுக்கு ஓர் எச்சரிக்கை. ஆட விடக்கூடாதவளை ஆட விட்டது விட்டதுதான் என்பதால் மூன்றுக்குப் பூஜ்யத்தில் மாற்றமில்லை. இவருக்கு ஓராண்டுத் தடை. இன்றிலிருந்தே பெஞ்சில் உட்காரக் கூடாது.

"அந்தப் பாராட்டு எழுதினோமே, அதை அடிச்சிடும்மா" என்றார் கடைசியாக.

வெளியே வருவதற்குள் செயலாளரின் போன் வந்துவிட்டது. "என்னய்யா, கடைசில சொதப்பிட்டியே! கமுக்கமா இருந்திருக்கலாம்ல? சரி விடு. செமி கையை விட்டுப் போகலை, டீம் பொழைச்சுது. ஆட்டத்துக்கு முன்னாடியே பாத்து வெச்சிருந்தியாமே? பலே ஆளுய்யா நீ!"

இந்த விஷயத்தில் அவரைப் பாராட்ட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். டைரி போனை அணைத்தார்.

* * *

ஐந்தாவது மாடி வராந்தாவில் இருபத்துமூன்று பெண்களையும் உட்கார வைத்து அவரே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கோச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். "இப்பத்தான் பாத்தேன்னு என்கிட்டயும் சொன்னீங்க" என்றாள் ஒரே ஒரு தடவை. பிறகு அவர் பக்கமே திரும்பவில்லை.

தம்பி மகள் கேட்டாள். "பெரியப்பா, அந்தப் பொண்ணு என்னைத் தூக்கிவிட்டாளே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நாங்க முதல் கோல் போட்டதும் கை தட்டினீங்களே, அப்ப?"

"தெரியும்."

"அப்படின்னா நாங்க எதுக்குப் பெரியப்பா தொண்ணூறு நிமிஷம் ஓடினோம்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து ஒருத்தி, "அவங்க பஸ் வந்துடுச்சுடி" என்றதும் அத்தனை பேரும் எழுந்து படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள்.

அவர் இறங்கிப் போனபோது வாசலில் இரண்டு அணியும் கலந்து நின்றன. இவருடைய பெண்கள் அவர்களுடைய பைகளைத் தூக்கி பஸ்ஸின் வயிற்றுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. யாரும் அருகில் வரவும் இல்லை. டீச்சர் முன் சீட்டில், ஜன்னலுக்கு அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் நம்பர் மட்டும் கூட்டத்தில் சேராமல் படியோரம் தன் பையோடு தனியாக நின்றாள். டைரி போய்ப் பையின் வாரைப் பிடித்தார். தடுக்காமல் விட்டுக்கொடுத்தாள்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்றாள் தரையைப் பார்த்து. "சாரி அங்கிள். உங்களுக்கும் விசாரணை அது இதுன்னு அலைச்சல். எல்லாம் என்னாலதான்."

டீச்சர் தன் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இந்தப் பெண் இதே வார்த்தையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுவாள், விமானம் ஏறுவாள், வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லுவாள்.

"உன்னால இல்லைம்மா" என்றார்.

"நான்தானே அங்கிள் பாட்டிலை..."

"பாட்டிலை உதைச்சே. அதுக்குத் தண்டனை ஒரு ஆட்டம் வெளியே உக்கார்றது, அவ்வளவுதான். நீ இல்லாமலே உங்க டீம் டிரா பண்ணியிருக்கலாம், செமி போயிருக்கலாம். ஆட்டத்துக்கு முன்னாடி உங்க டீச்சர் என்கிட்ட கேட்டாங்க. உனக்கு ரெண்டு மஞ்சள் இருக்கறது என் டைரியில இருந்துச்சு. பாத்துட்டு, இல்லைன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்தாள். பதினாறு வயசு முகம். புரிந்துகொள்ள அவளுக்கும் சில நொடிகள் பிடித்தன.

"ஏன் அங்கிள்?"

"ஜெயிக்கணும்னு."

"நாங்களும் ஜெயிக்கணும்னுதானே ஆடினோம்" என்றாள் குழப்பத்தோடு. அதில் கோபம்கூட இல்லை. பிறகு பஸ்ஸின் முன் ஜன்னலைப் பார்த்தாள். "டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியும். மத்த பிள்ளைங்களுக்குத் தெரியாது. நீ சொல்லு. உன்னைத் திட்டினாளே ஒருத்தி, அவகிட்ட முதல்ல சொல்லு."

அவள் தலையசைத்தாள். அவர் கையிலிருந்த வாரைப் பிடித்தாள்.

"பையைக் குடுங்க" என்றாள். "நானே ஏத்திக்கறேன்."

கொடுத்தார்.